டிஎன்எஸ் கேஷை எப்போது அழிக்கணும், எப்படி அழிக்கணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் படித்த பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. போன வருடம் தளத்தை வேறொரு சர்வருக்கு மாற்றினோம். பெயர் அதேதான், இருக்கும் இடம் மட்டும் புதிது. மாற்றிய அன்று மாலையே போன் வர ஆரம்பித்துவிட்டது. பாதிப் பேருக்குப் புதுத் தளம் வந்தது, மீதிப் பேருக்குப் பழையதே வந்தது. ஒரே வீட்டில் கணவருக்கு வந்து மனைவிக்கு வராததும் நடந்தது.

எல்லோரிடமும் "டிஎன்எஸ் கேஷை அழித்துப் பாருங்கள்" என்றேன். பதிலுக்கு வந்த கேள்விகள்தான் இவை. அப்புறமும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று யாராவது இதையே கேட்டுக்கொண்டிருப்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டிஎன்எஸ் கேஷ்னா என்னப்பா? கம்ப்யூட்டர் படிக்காதவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு.

இணையத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் உண்டு. ஐபி முகவரி என்பது அதுதான். நமக்கு எண் நினைவில் நிற்காது, அதனால் பெயரை அடிக்கிறோம். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். அதை 1983-ல் வடிவமைத்தவர் பால் மொகாபெட்ரிஸ். அதற்கு முன்னால் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்தக் கோப்பைப் பராமரித்தார்கள். மற்றவர்கள் அவ்வப்போது அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை.

ஒரு தளத்தை நீங்கள் திறக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணைத் தேடிப் போனால் நேரம் வீணாகும். அதனால் ஒருமுறை கிடைத்த பதிலைக் கணினி கொஞ்ச நேரத்துக்குக் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புதான் டிஎன்எஸ் கேஷ். கேஸ் சிலிண்டர் போட வருகிற அண்ணனை நினைத்துப் பாருங்கள். மாதாமாதம் வந்து பழகிய வீட்டுக்கு அவர் சீட்டைப் பார்க்காமலே வந்துவிடுவார். நீங்கள் வீடு மாறினால் முதல் தடவை பழைய வீட்டு வாசலில் போய்த்தான் நிற்பார். கணினியும் அப்படித்தான் பழைய சர்வர் வாசலில் போய் நிற்கிறது.

அதுவா மறக்காதா? நாமதான் அழிக்கணுமா?

அதுவாகவே மறந்துவிடும். டிஎன்எஸ் பதில் ஒவ்வொன்றோடும் "இதை இத்தனை நொடி வைத்திரு" என்று ஓர் ஆயுள் சேர்ந்தே வருகிறது. டிடிஎல் என்பார்கள். 300 என்றால் ஐந்து நிமிடம், 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். எவ்வளவு என்று முடிவு செய்வது அந்தப் பெயரை வைத்திருப்பவர். ஆயுள் முடிந்ததும் கணினி அந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கும். ஆயுள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் விண்டோஸ் வழக்கமாக ஒரு நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

ஆகவே அழிப்பது என்றால் காத்திருக்கும் நேரத்தை மிச்சப்படுத்துவது, அவ்வளவுதான். ஒரு தளம் இடம் மாறியிருக்கிறது, உங்களுக்கு மட்டும் பழையது வருகிறது என்றால் அழியுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் தொட வேண்டாம்.

விண்டோஸ்ல எப்படி அழிக்கிறது? ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க, நான் அடிக்கிறேன்.

விண்டோஸ் விசையை அழுத்தி சி, எம், டி என்று மூன்று எழுத்து அடியுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் என்று வரும், அதைத் திறங்கள். கறுப்புத் திரை வந்ததும் இதை அடியுங்கள்: ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி. அடுத்து ஓர் இடைவெளி. அப்புறம் முன்சாய்வுக் கோடு, அதாவது கேள்விக்குறி இருக்கும் விசையை ஷிஃப்ட் இல்லாமல் அழுத்தினால் வருவது. அதை ஒட்டியே எஃப், எல், யூ, எஸ், ஹெச், டி, என், எஸ். சேர்த்துப் படித்தால் "ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்". என்டர் அழுத்துங்கள்.

"சக்சஸ்ஃபுல்லி ஃப்ளஷ்டு" என்று தொடங்கும் ஒரு வரி வந்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதே கட்டளைதான். நீலத்திரை பவர்ஷெல்லில் அடித்தாலும் வேலை செய்யும்.

அடிச்சேன் சார், என்னமோ எர்ரர் வருது.

நான் பார்த்தவரை முக்கால்வாசி நேரம் காரணம் இரண்டில் ஒன்று. பவர்ஷெல்லில் கோட்டுக்கு முன்னால் இடைவெளி விடாமல் இருப்பார்கள். அல்லது முன்சாய்வுக்குப் பதிலாகப் பின்சாய்வுக் கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கும் ஃப்ளஷுக்கும் நடுவில் இடைவெளி விட்டவர்களும் உண்டு. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்ற கவலை விண்டோஸில் வேண்டாம்.

அனுமதி போதாது என்று வந்தால் கமாண்ட் பிராம்ப்டை மவுஸின் வலது பொத்தானால் சொடுக்கி, "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறங்கள். அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் அதற்கும் அனுமதி இருக்காது. அப்போது கணினியை ரீஸ்டார்ட் செய்வதே வழி. ரன் பெட்டியில் நேராகக் கட்டளையை அடித்தவர்களுக்குக் கறுப்புத் திரை மின்னி மறைந்திருக்கும். அது பிழை இல்லை, வேலை நடந்துவிட்டது, பதில் வரியைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை.

அழிச்சா என் போட்டோ, பாஸ்வேர்டு எல்லாம் போயிடாதே?

போகாது. உங்கள் கோப்புகள், சேமித்த கடவுச்சொற்கள், திறந்திருக்கும் மெயில், வைஃபை இணைப்பு எதையும் இது தொடாது. அழிவது பெயருக்கும் எண்ணுக்குமான குறிப்பு மட்டும். அடுத்த முறை தளத்தைத் திறக்கும்போது கணினி அதை மறுபடி கேட்டு எழுதிக்கொள்ளும். தைரியமாகச் செய்யலாம்.

பிரவுசர்ல ஹிஸ்டரி, கேஷ், குக்கீ எல்லாத்தையும் க்ளியர் பண்ணிட்டேனே. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இரண்டும் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் வருகிற குழப்பம் இது. பிரவுசரின் கேஷில் இருப்பது தளத்தின் படங்கள், எழுத்துகள், பக்கத்தின் பகுதிகள். சிலிண்டர் அண்ணன் கதையில் சொன்னால், வீட்டுக்குள் இருக்கும் சாமான். டிஎன்எஸ் கேஷில் இருப்பது வீட்டு எண் மட்டும். சாமானைக் காலி செய்தாலும் வீட்டு எண் மாறாது.

குக்கீகளை அழித்ததால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டி வந்து நொந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரமம் தேவையே இல்லை. பழசு எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. பிரவுசரில் மறைநிலை ஜன்னல் ஒன்றைத் திறந்து அதே தளத்துக்குப் போங்கள். அங்கே புதுசு வந்தால் குற்றம் பெரும்பாலும் பிரவுசர் சேமித்த பக்கத்தின் மீது, டிஎன்எஸ் மீது இல்லை. அந்தத் தளத்துக்கு மட்டும் கன்ட்ரோலும் எஃப்5-ம் சேர்த்து அழுத்துங்கள், போதும். மறைநிலையிலும் பழசே வந்தால் டிஎன்எஸ் பக்கம் வாருங்கள்.

எங்கிட்ட இருக்கிறது மேக். அதுல?

டெர்மினல் என்ற செயலியைத் திறந்து இரண்டு கட்டளைகள் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் டி ஓசையில் இரண்டு எழுத்து இருப்பதால், டெல்லிக்கு வருவதை டி என்றும் திருச்சிக்கு வருவதை டீ என்றும் எழுதுகிறேன். பி என்று வந்தால் எல்லா இடத்திலும் பாண்டிச்சேரிக்கு வருவதுதான். இனி வரும் பதில்களிலும் அப்படியே.

முதல் கட்டளை: எஸ், யூ, டி, ஓ, இடைவெளி, டி, எஸ், சி, ஏ, சி, ஹெச், இ, யூ, டீ, ஐ, எல், இடைவெளி, சிறு கோடு, அதை ஒட்டி எஃப், எல், யூ, எஸ், ஹெச், சி, ஏ, சி, ஹெச், இ. இரண்டாவது: எஸ், யூ, டி, ஓ, இடைவெளி, கே, ஐ, எல், எல், ஏ, எல், எல், இடைவெளி, சிறு கோடு, அதை ஒட்டிப் பெரிய எழுத்தில் ஹெச், யூ, பி, இடைவெளி, சின்ன எம், பெரிய டி, என், எஸ், ஆர், மறுபடி சின்ன எழுத்தில் இ, எஸ், பி, ஓ, என், டி, இ, ஆர். இங்கே பெரிய எழுத்து, சின்ன எழுத்து முக்கியம்.

கடவுச்சொல் கேட்கும். நீங்கள் அடிக்கும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாது, ஆனால் எழுத்து உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். முடிந்ததும் விண்டோஸ் மாதிரி "ஆயிற்று" என்ற செய்தி எதுவும் வராது. பிழை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனால் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நான் உபுண்டு வெச்சிருக்கேன்.

ஆர், இ, எஸ், ஓ, எல், வி, இ, சி, டீ, எல், இடைவெளி, எஃப், எல், யூ, எஸ், ஹெச், சிறு கோடு, சி, ஏ, சி, ஹெச், இ, எஸ். இந்த ஒரு வரிதான். நிஜமாகவே அழிந்ததா என்று பார்க்க, முதல் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவது சொல்லாக "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். கேஷின் இப்போதைய அளவு பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில் இருக்கும்.

எல்லா லினக்ஸுக்கும் இது பொருந்தாது. பெயருக்கு எண் தேடித் தரும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற நிரல் ஓடும் கணினிகளுக்குத்தான். சில லினக்ஸ் வகைகளில் கணினி அளவில் கேஷே இருக்காது, பிரவுசரில் மட்டும் இருக்கும். கட்டளையே இல்லை என்று கணினி சொன்னால் உங்களுடையது அந்த வகையாக இருக்கலாம்.

போன்ல எப்படிங்க?

ஆண்ட்ராய்டிலும் சரி, ஐபோனிலும் சரி, இதற்கென்று பொத்தான் கிடையாது. ஏரோப்ளேன் மோடை ஆன் செய்து, பத்து நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள். பெரும்பாலும் அது போதும். போதவில்லை என்றால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

சிஸ்டம்ல அழிச்சாச்சு, எட்ஜ்ல புதுசு வருது. குரோம்ல மட்டும் பழசேதான் வருது. ஏன்?

பிரவுசரும் தனக்கென்று ஒரு சின்ன டிஎன்எஸ் கேஷ் வைத்திருக்கிறது. ஆறாவது கேள்வியில் சொன்ன படங்களின் கேஷ் வேறு, இது வேறு. குரோமில் முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம் என்று அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்வுக் கோடு, "நெட்", சிறு கோடு, "இன்டர்னல்ஸ்", முன்சாய்வுக் கோடு, ஹாஷ் குறி, டிஎன்எஸ் என்று அடியுங்கள். வரும் பக்கத்தில் "க்ளியர் ஹோஸ்ட் கேஷ்" என்று ஒரு பொத்தான் இருக்கும். ஃபயர்பாக்ஸில் "அபவுட்", முக்காற்புள்ளி, "நெட்வொர்க்கிங்" என்று போய் டிஎன்எஸ் பகுதியில் அழிக்கலாம். ஃபயர்பாக்ஸ் வழக்கமாக 60 நொடிதான் வைத்திருக்கும், அதனால் அங்கே தேவையே படாமல் போகலாம்.

இன்னொன்று. பழைய சர்வரோடு ஏற்கெனவே போட்ட இணைப்பைப் பிரவுசர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். முகவரிக் குறிப்பு புதிதாகிவிட்டாலும் திறந்திருக்கும் இணைப்பு பழைய இடத்துக்கே போகும். பிரவுசரின் எல்லா ஜன்னல்களையும் மூடித் திறப்பது அதற்காகத்தான். ஒரு தாவலை மட்டும் மூடினால் போதாது.

இதையும் செய்து பயன் இல்லை என்றால் பிரவுசர் அமைப்புகளில் "செக்யூர் டிஎன்எஸ்" என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே ஏதாவது ஒரு நிறுவனத்தின் டிஎன்எஸ் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், உங்கள் பிரவுசர் விண்டோஸைக் கேட்பதே இல்லை, நேராக அங்கே கேட்கிறது. விண்டோஸில் எத்தனை முறை அழித்தாலும் அதற்குத் தெரியாது.

போன் டேட்டாவில புதுசு வருது. அதே போனை வீட்டு வைஃபைல போட்டா பழசு வருது. அப்போ போன்லதான் தப்பா?

போனில் தப்பில்லை, வீட்டு இணைப்பில்தான். நல்ல சோதனை செய்திருக்கிறீர்கள், இதையே எல்லோருக்கும் சொல்கிறேன். உங்கள் கணினி நேராக இணையத்தைக் கேட்பதில்லை. முதலில் வீட்டு ரவுட்டரைக் கேட்கும், ரவுட்டர் இணைப்பு தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும், அந்த சர்வர்தான் வெளியே போய்த் தேடும். வழியில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பு வைத்திருக்கலாம். ரவுட்டர்களில் பரவலாக இருக்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் தானாக 150 பெயர்கள் வரை நினைவில் வைக்கும். ரவுட்டரின் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டால் அது போய்விடும்.

நிறுவனத்தின் சர்வரில் இருப்பதை நாம் அழிக்க முடியாது. ஆனால் அவர்களைக் கேட்காமல் வேறொருவரைக் கேட்கலாம். கூகுள் 2009 முதல் 8.8.8.8 என்ற எண்ணிலும், கிளவுட்ஃப்ளேர் 2018 முதல் 1.1.1.1 என்ற எண்ணிலும் பொது டிஎன்எஸ் தருகின்றன. கணினியின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் இந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். இந்த இரண்டு நிறுவனங்களும் தங்கள் கேஷில் இருக்கும் ஒரு பெயரை யார் வேண்டுமானாலும் நீக்கச் சொல்வதற்கு ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. எங்கள் தளத்தை மாற்றிய அன்று நான் முதலில் செய்தது அந்த இரண்டு பக்கங்களுக்கும் போய் எங்கள் பெயரை நீக்கச் சொன்னதுதான்.

48 மணி நேரம் ஆகும்னு தளம் செஞ்சு குடுத்தவர் சொல்றார். நிஜமாவே அவ்வளவு நேரமா?

சில மாற்றங்களுக்கு நிஜம், எல்லாவற்றுக்கும் இல்லை. தளத்தின் ஐபி எண்ணை மட்டும் மாற்றினால், அதன் டிடிஎல் ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் புதுசு தெரிய வேண்டும். ஆனால் பெயரின் நேம்சர்வரையே, அதாவது "இந்தப் பெயரைப் பற்றி இவரைக் கேளுங்கள்" என்று காட்டும் இடத்தையே மாற்றினால் கதை வேறு. அந்தக் குறிப்பு டாட் காம் பதிவேட்டிலிருந்து வருகிறது. அதற்கு அங்கே வைத்திருக்கும் ஆயுள் 172800 நொடி. கணக்குப் போட்டால் சரியாக 48 மணி நேரம்.

ஆட்கள் இதை "பரவ நேரமாகும்" என்கிறார்கள். அந்தச் சொல்லால் வருகிற தவறான எண்ணம்தான் எனக்கு வருத்தம். எதுவும் எங்கிருந்தும் பரவுவதில்லை. உலகம் முழுக்க இருக்கும் பழைய குறிப்புகள் தத்தம் ஆயுள் முடிந்து, ஒவ்வொன்றாகக் காலாவதி ஆகின்றன. அதனால்தான் அடுத்த தெருக்காரருக்கு வந்து உங்களுக்கு வராமல் போகிறது.

தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இடம் மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே டிடிஎல்-ஐ 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். மாற்றி முடித்து எல்லாம் சரியானதும் பழையபடி கூட்டிக்கொள்ளலாம். நான் குறைத்தேன், ஆனால் மாற்றிய அன்று காலையில்தான் குறைத்தேன். ஒரு நாள் ஆயுளோடு ஏற்கெனவே வெளியே போன குறிப்புகளுக்கு அது தெரியவில்லை. மறுநாள் வரை போன் வந்ததற்கு அதுதான் காரணம். பழைய சர்வரையும் உடனே மூடாமல் இரண்டு மூன்று நாள் ஓட விடுங்கள்.

இவ்வளவு எதுக்கு, ரீஸ்டார்ட் பண்ணினா போதாதா?

போதும். கணினியின் டிஎன்எஸ் கேஷ் நினைவகத்தில்தான் இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். ஆனால் ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது அதே பலன் தராமல் போகலாம். விண்டோஸ் 8-லிருந்து "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒன்று இருக்கிறது. அது இயக்கத்தில் இருக்கும்போது ஷட்டவுன் செய்தால் கணினி முழுதாக அணைவதில்லை, உள்மையப் பகுதியை வட்டில் சேமித்து வைத்துக்கொண்டு தூங்குகிறது. ரீஸ்டார்ட் என்ற பொத்தானை அழுத்தினால்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும்.

தினமும் இதை அழிச்சா நெட் வேகமாகும்னு ஒருத்தர் வீடியோ போட்டிருக்காரே?

ஆகாது. கொஞ்சம் மெதுவாகத்தான் ஆகும். குறிப்பு இருந்தால் பதில் கணினிக்குள்ளேயே உடனே கிடைக்கும். இல்லையென்றால் வெளியே கேட்டு வர வேண்டும். சில மில்லி நொடி முதல் நூறு, இருநூறு மில்லி நொடி வரை பிடிக்கலாம். ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் அதற்குள் பத்து இருபது வெவ்வேறு பெயர்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் நன்மை கொஞ்சமும் இல்லை. நெட் மெதுவாக இருந்தால் வைஃபை சிக்னலையும் இணைப்பையும் பாருங்கள்.

இப்போ என்னென்ன இருக்குன்னு பார்க்க முடியுமா? பார்த்தேன், எனக்குத் தெரியாத பேரா நிறைய இருக்கே, வைரஸா?

பார்க்கலாம். விண்டோஸில் மூன்றாவது கேள்வியில் சொன்ன கட்டளையில் கோடு வரை அப்படியே அடித்து, ஃப்ளஷ்டிஎன்எஸ் இருந்த இடத்தில் டி, ஐ, எஸ், பி, எல், ஏ, ஒய், டி, என், எஸ் என்று அடியுங்கள். நீளமான பட்டியல் வரும். ஒவ்வொரு பெயருக்கும் மீதமுள்ள ஆயுள் நொடியில் இருக்கும், மறுபடி பார்த்தால் குறைந்திருக்கும். வகை 1 என்றால் பழைய பாணி ஐபி எண், 28 என்றால் புதிய நீளமான எண், 5 என்றால் வேறொரு பெயரைக் கைகாட்டும் பெயர்.

தெரியாத பெயர்களில் பெரும்பாலானவை வைரஸ் இல்லை. நீங்கள் திறந்த பக்கங்களில் இருக்கும் விளம்பரங்கள், எழுத்துருக்கள், வீடியோ சர்வர்கள், பின்னணியில் அப்டேட் தேடும் செயலிகள். எக்ஸ், என் என்று தொடங்கி இரண்டு சிறு கோடும் புரியாத எழுத்துகளும் வந்தால் பயப்பட வேண்டாம். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள் உண்டு. டிஎன்எஸ் வழக்கமாக ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு இவற்றை வைத்தே பெயர்களைக் கையாளுவதால், தமிழ்ப் பெயரை அது அந்த உருவத்தில்தான் எழுதி வைக்கிறது.

அழித்த பிறகும் ஒரு பெயர் அங்கேயே நின்றால் அது ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் எழுதப்பட்டிருக்கலாம். விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இ, டீ, சி என்ற இடத்தில் அந்தக் கோப்பு இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன அந்தப் பழைய ஒற்றைக் கோப்பு முறையின் எச்சம் அது, டிஎன்எஸ்-ஐவிட அதற்கே முதல் மரியாதை. எங்கள் சங்கத்தில் தளத்தை வடிவமைத்த தம்பி, சோதனைக்காக எங்கள் பெயரையும் ஒரு பழைய எண்ணையும் அதில் எழுதி வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் புதுசு வந்தும் அவருக்கு மட்டும் இரண்டு வாரம் பழசே வந்தது.

மறைநிலைல பார்த்ததும் இதுல தெரியுமா? அழிச்சுட்டா யாருக்கும் தெரியாதுதானே?

பல சமயம் தெரியும். மறைநிலை ஜன்னல் பிரவுசர் வரலாற்றில் எழுதாது, ஆனால் பெயரைத் தேட விண்டோஸைக் கேட்டால் விண்டோஸ் குறித்து வைக்கும். செக்யூர் டிஎன்எஸ் வைத்திருந்தால் இங்கே வராது. அழித்தால் உங்கள் கணினியில் இருக்கும் தடம் போகும், அவ்வளவுதான். இணைப்பு தரும் நிறுவனத்திடமோ, நீங்கள் கேட்ட டிஎன்எஸ் சர்வரிடமோ பதிவு இருந்தால் அது போகாது.

பேங்க் தளம் திறந்தா வேற எங்கேயோ போகுது. இதை அழிச்சா சரியாயிடுமா?

முதலில் அந்தப் பக்கத்தில் எதையும் அடிக்காதீர்கள். அப்புறம் அழித்துப் பாருங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். 2008-ல் டான் காமின்ஸ்கி என்ற ஆய்வாளர், டிஎன்எஸ் சர்வரின் கேஷில் பொய்யான எண்ணை நுழைக்க எளிய வழி இருப்பதைக் காட்டினார். கேள்விக்கும் பதிலுக்கும் இருந்த அடையாள எண் 65,536-க்குள் ஒன்றுதான் என்பதால் ஊகித்து அடிக்க முடிந்தது. பல நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே சமயத்தில் திருத்தம் வெளியிட்டன. அப்படிப் பொய் நுழைந்திருந்தால் அழிப்பது உதவும்.

ஆனால் வீட்டுக் கணினியில் நடப்பது பெரும்பாலும் வேறு: தீய மென்பொருள் ஒன்று, யாரைக் கேட்க வேண்டும் என்ற அமைப்பையே மாற்றிவிடும். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற ஒன்று சுமார் 40 லட்சம் கணினிகளில் இதைச் செய்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்தக் கும்பலின் சர்வர்களைக் கைப்பற்றியது. உடனே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் இணையம் போய்விடும் என்பதால், 2012 ஜூலை 9 வரை மாற்று சர்வர்கள் ஓட வைக்கப்பட்டன. இப்படிப்பட்ட நிலையில் கேஷை அழித்தால், கணினி மறுபடி அதே திருடனிடம் போய்த்தான் கேட்கும். கணினியிலும் ரவுட்டரிலும் டிஎன்எஸ் எண் நீங்கள் வைத்ததுதானா என்று பாருங்கள், ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாருங்கள், ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வைரஸ் சோதனை ஓட்டுங்கள். கடவுச்சொல் ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தால் வங்கியின் உதவி எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்து பார்த்து உடனே கூப்பிடுங்கள்.

என்எஸ்லுக்அப் போட்டா புது எண் காட்டுது, பிங் போட்டா பழைய எண் காட்டுது. எதை நம்பறது?

இரண்டும் கறுப்புத் திரையில் தளத்தின் பெயரோடு சேர்த்து அடிக்கும் கட்டளைகள், அந்தப் பெயருக்கான எண்ணைக் காட்டும். இரண்டும் உண்மையே சொல்கின்றன. விண்டோஸில் என்எஸ்லுக்அப் உங்கள் கணினியின் கேஷையும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்க்காமல் நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது. பிங் கட்டளையும் பெரும்பாலான செயலிகளும் கேஷ் வழியாகவே போகின்றன. ஆகவே வெளியே எல்லாம் சரி, பழசு உங்கள் கணினிக்குள் இருக்கிறது. இது வந்தால் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் அழித்தால் பெரும்பாலும் தீரும். தீரவில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்புதான்.

உபுண்டுவில் இந்தக் கணக்கு மாறும். அங்கே என்எஸ்லுக்அப் கேட்பது 127.0.0.53 என்ற எண்ணை. அது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் கேஷ்தான்.

புதுசா ஒரு பேர் வாங்கினேன். வேலை செய்யுதான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டே இருந்தேன். இப்போ எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் "அப்படி ஒரு பேரே இல்லை"ன்னு வருது.

பார்த்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். "இல்லை" என்ற பதிலையும் கேஷ் குறித்து வைக்கும். 1998-ல் வந்த ஆர்எஃப்சி 2308 என்ற இணையத் தர ஆவணம் இதற்கான விதியைச் சொல்கிறது. இல்லாத பெயரை எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டு சர்வர்களைத் திணறடிக்காமல் இருப்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு இது. பெயர் உயிர் பெறுவதற்கு முன்பே கேட்டவருக்கு அந்த "இல்லை" ஒட்டிக்கொள்கிறது. கேட்காமல் இருந்தவர்களுக்கு முதல் பதிலே சரியாக வருகிறது.

கணினியிலும் பிரவுசரிலும் அழித்துவிட்டு, ரவுட்டரையும் அணைத்துப் போடுங்கள். அப்படியும் "இல்லை" என்றால் அது உங்கள் இணைப்பு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. வைஃபை பற்றிய பதிலில் சொன்னபடி வேறு டிஎன்எஸ்-க்கு மாறுங்கள். அடுத்த முறை பெயர் வாங்கும்போது, பதிவு செய்தவர் "தயார்" என்று சொல்லும் வரை திறந்து பார்க்காமல் இருங்கள்.

நீங்க சொன்ன எல்லாத்தையும் செஞ்சாச்சு. இன்னும் வரலை.

அப்படியென்றால் கேஷ் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று வந்தால் கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பழைய மேசைக்கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருக்கும். அலுவலக விபிஎன் போட்டிருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

யாருக்குமே வரவில்லை என்றால் தளமே விழுந்திருக்கிறது, உங்கள் கணினியில் செய்ய ஒன்றும் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. நமக்கு அது இரவு ஒன்பது மணிக்கு மேல். அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து மறைந்துவிட்டது. பெயரைக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த நேரத்தில் கேஷை அழித்தவர்களுக்குக் கைவசம் இருந்த குறிப்பும் போனது, புதிதும் கிடைக்கவில்லை. அதனால் அழிப்பதற்கு முன்னால் வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம், "உங்களுக்கு வருகிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எங்கள் சங்கத் தளம்தான் வரவில்லை என்றால் எனக்கு மூன்று விஷயம் அனுப்புங்கள்: பிங் போட்டால் வரும் எண், போன் டேட்டாவில் வருகிறதா இல்லையா, திரையில் இருக்கும் பிழைச் செய்தியின் படம். அந்த எண்ணைப் பார்த்தாலே பழைய சர்வரா புதியதா என்று சொல்லிவிடுவேன்.